ரேசிங் சிமுலேட்டரில் டயர் பிடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேசிங் சிம் (கார் பந்தயத்தை நிஜம் போலக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்) ஓட்ட ஆரம்பிப்பவர்கள் முதல் மாதத்துக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கார் ஏன் இப்படி வழுக்குகிறது? நிஜத்திலும் இப்படித்தானா? எந்த சிம் உண்மைக்கு நெருக்கம்? பல வருடம் ஓட்டியும் படித்தும் எனக்குப் புரிந்ததை இங்கே பதில்களாகச் சேர்த்திருக்கிறேன். சில இடங்களில் கணக்கு வரும், ஆனால் பள்ளிக் கணக்குதான்.

ஒரு சிம்மின் டயர் பிடிப்பு நிஜம் போல இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

லேப் டைமை வைத்துச் சொல்ல முடியாது. நிஜக் கார் ஒரு டிராக்கைச் சுற்றும் நேரமும் சிம்மில் அதே காரின் நேரமும் அரை நொடிக்குள் ஒத்துப்போகலாம், ஆனாலும் காரின் குணம் முழுக்க வேறாக இருக்கலாம். மொத்தப் பிடிப்பு குறைவாகத் தோன்றினால் ஓர் எண்ணை ஏற்றினால் போதும், நேரம் சரியாகிவிடும்.

கஷ்டமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது கார் எப்படி எச்சரிக்கிறது, எல்லையைத் தாண்டிய பிறகு எவ்வளவு பிடிப்பு மிஞ்சுகிறது, போன பிடிப்பு எப்படித் திரும்பி வருகிறது? ஒரு சிம்மை நான் எடைபோடுவது இந்த மூன்றை வைத்துத்தான். கீழே வரும் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கும்.

ஸ்லிப் ஆங்கிள் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

கார் வளைவில் போகும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் ஸ்லிப் ஆங்கிள். பெயரில் 'ஸ்லிப்' இருப்பதால் டயர் வழுக்கிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை.

சாதாரணக் காரில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். டயர் உருளும்போது ரப்பரின் ஒவ்வொரு துண்டும் அந்தப் பரப்பின் முன்விளிம்பில் தரையைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் வேறு பக்கம் பார்ப்பதால், பின்னால் போகப் போக அந்தத் துண்டு பக்கவாட்டில் இழுபடுகிறது. கடைசியில் தாங்க முடியாமல் வழுக்கி விடுபடுகிறது. அந்த இழுபடுதலில் பிறப்பதுதான் காரைத் திருப்பும் விசை. ஸ்லிப் ஆங்கிள் இல்லையென்றால் கார் வளையவே வளையாது.

கோணம் கூடக் கூட விசையும் ஏறும். ஆரம்பத்தில் நேர்கோடாக ஏறி, பிறகு தளர்ந்து வளைந்து, ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். ரோட்டில் ஓடும் டயருக்கு இந்த உச்சம் பொதுவாக 8 முதல் 12 டிகிரி வாக்கிலும், பள்ளங்கள் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் ரேஸ் ஸ்லிக் டயருக்கு 5 முதல் 8 டிகிரி வாக்கிலும் வரும். உச்சத்தை நெருங்கும்போதே தொடுபரப்பின் பின்பகுதி வழுக்கிக்கொண்டிருக்கும், முன்பகுதி மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். 'கிரிப் இருக்கிறது', 'கிரிப் போய்விட்டது' என்று இரண்டே நிலைகள் டயருக்குக் கிடையாது. பழைய ரேஸ் விளையாட்டுகள் பலவற்றில் கார் சுவிட்ச் போட்டது போல வழுக்கியதற்குக் காரணம், இந்த நடுநிலை அவற்றில் இல்லாததுதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பிய அந்தக் கணமே பக்க விசை முழுசாக வந்துவிடாது. டயர் ஏறக்குறைய அரை மீட்டர் உருண்ட பிறகுதான் ரப்பரும் டயரின் பக்கச்சுவரும் முறுக்கேறி விசை நிறையும். இந்தச் சின்னத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காத சிம்மில் கார் ஊசிமுனையில் நிற்பது போலத் துடிக்கும்.

ஓட்டக் கஷ்டமாக இருந்தால்தான் உண்மையான சிம் என்கிறார்களே?

இந்த நம்பிக்கையை நான் முழு மனதோடு மறுக்கிறேன். சிம் ஓட்டுபவர்களிடையே நிலவும் தப்பெண்ணங்களில் அதிகக் கெடுதல் செய்தது இதுதான்.

நன்றாகச் செட்டப் செய்த ரேஸ் காரை அதன் வேகத்தில் 90 சதவீதம் வரை ஓட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. வேகமாகப் போவதற்காகவே செய்த கார் அது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். கடைசி சில சதவீதம்தான் ஆளைச் சோதிக்கும். முதல் வளைவிலேயே காரணமில்லாமல் சுழல்கிற காரில் உண்மை கூடவில்லை, டயர் மாடலில், அதாவது டயரின் நடத்தையைக் கணக்கிடும் பகுதியில், குறை இருக்கிறது.

டிரிஃப்ட் ஓட்டுபவர்களைப் பாருங்கள். காரை ஓடும் திசைக்கு 30, 40 டிகிரி கோணலாக வைத்து வளைவு முழுக்கக் கொண்டுபோகிறார்கள். உச்சத்தைத் தாண்டியதும் பிடிப்பு மலையிலிருந்து விழுவது போல விழுமானால் இது நடக்கவே நடக்காது. காய்ந்த தாரில் உச்சத்துக்குப் பிறகும் பக்க விசையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும், மெதுவாகத்தான் குறையும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1998இல் வந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்று நினைக்கிறேன். பாப்பிரஸ் நிறுவனம் 1967 ஃபார்முலா 1 பருவத்தை வைத்துச் செய்த சிம் அது. ஏறக்குறைய 400 குதிரைத்திறன், 500 கிலோ எடை, மெல்லிய டயர்கள், இறக்கை எதுவும் இல்லாத கார்கள். அவை நிஜத்திலேயே சறுக்கிக்கொண்டுதான் ஓடின. அதை அன்றைய எளிய ஸ்டீயரிங் வீல்களோடு, சின்னத் திரையில் ஓட்டியவர்கள் பட்ட பாடு கதையாகப் பரவி, 'கஷ்டம் என்றால் உண்மை' என்ற சூத்திரமாகிவிட்டது.

'மேஜிக் ஃபார்முலா' என்பது என்ன மந்திரம்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேக்கா, 1980களில் வோல்வோ பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய சமன்பாடு இது. சைன், ஆர்க்டேன் என்ற முக்கோணவியல் சார்புகளைக் கோத்து, டயர் சோதனையில் கிடைக்கும் வளைகோட்டை அப்படியே வரைந்துகாட்டும். நான்கு எண்கள் முக்கியம்: ஒன்று விறைப்பு, ஒன்று வடிவம், ஒன்று உச்சத்தின் உயரம், ஒன்று உச்சத்தின் அருகே உள்ள வளைவு. இந்த வடிவம் டயரின் இயற்பியலிலிருந்து பிறந்ததல்ல, ஆனாலும் அளந்த தரவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. 'மேஜிக்' என்ற பெயர் அதனால்தான்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அளந்த எல்லைக்குள் அது கச்சிதம். சோதனை 15 டிகிரியோடு நின்றிருந்தால், கார் 40 டிகிரியில் சறுக்கும்போது சமன்பாடு சொல்வது ஊகம்தான். வெப்பமும் தேய்மானமும் அடிப்படைச் சமன்பாட்டில் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாக, ரப்பரைத் தூரிகை மயிர்கள் போல எண்ணி, ஒவ்வொன்றும் எவ்வளவு வளைகிறது, எப்போது வழுக்குகிறது என்று கணக்கிடும் முறையும் உண்டு. ஐரேசிங், ஆர்ஃபேக்டர் 2 என்ற சிம்கள் இந்த இயற்பியல் வழியில் நெடுந்தூரம் போயிருக்கின்றன. கோட்பாட்டில் இதுதான் மேலானது. நடைமுறையில், கவனமாகச் செய்த எளிய மாடல் அவசரமாகச் செய்த சிக்கலான மாடலைத் தோற்கடிப்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

டயர் நிறுவனத்தின் உண்மையான தரவைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

தீராது. டயரை அளக்கும் இயந்திரத்தில் தார்ச் சாலை இல்லை. எஃகுப் பெல்ட் ஒன்று ஓடும், அதன் மேல் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளில் டயர் காட்டும் பிடிப்பு, சாலையில் கிடைப்பதைவிட நன்றாகவே அதிகம். மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் அணிகள், இப்படிப்பட்ட தரவை எடுத்து, பிடிப்பை ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறைத்துத்தான் பயன்படுத்துகின்றன. அந்தக் குறைப்பு எவ்வளவு என்பதைக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்த்து, டெலிமெட்ரியோடு (காரின் உணரிகள் பதிவு செய்யும் தரவோடு) ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தரவு இருந்தாலும், அதைப் படித்துத் திருத்தும் ஆளின் அனுபவம் இல்லாமல் நல்ல டயர் வருவதில்லை.

வளைவில் எடை வெளிச்சக்கரங்களுக்குப் போனால் அங்கே பிடிப்பு கூடத்தானே செய்யும்? பிறகு ஏன் எடை மாற்றம் கெடுதல் என்கிறார்கள்?

வெளிச்சக்கரத்தில் கூடுவது உண்மை. உள்சக்கரம் இழப்பது அதைவிட அதிகம்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டயர், ஒவ்வொன்றிலும் 400 கிலோ, உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை மடங்கு பிடிப்பாகிறது என்ற எண்) 1.2 என்று வையுங்கள். மொத்தம் 960 கிலோ அளவு பக்க விசை கிடைக்கும். வளைவில் வெளிச்சக்கரத்துக்கு 600, உள்சக்கரத்துக்கு 200 என்று எடை பிரிகிறது. எடை கூடினால் ரப்பரின் குணகம் குறையும் என்பதால் வெளியே 1.1 ஆகிறது, உள்ளே 1.3 ஆகிறது. இப்போது 660உம் 260உம் சேர்ந்து 920தான். மொத்த எடை மாறவில்லை, டயர் மாறவில்லை, 40 கிலோ பிடிப்பு காணாமல் போய்விட்டது.

காரின் சமநிலையைச் சரிசெய்வதே இந்த இழப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவதுதான். முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை) விறைப்பாக்கினால் எடை மாற்றத்தில் பெரும்பங்கு முன் டயர்களுக்குப் போகும், அவை அதிகம் இழக்கும், கார் அண்டர்ஸ்டியர் பக்கம், அதாவது ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்கு வளையாமல் வெளியே தள்ளும் பக்கம், சாயும். ஒரு சிம்மில் பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மாற்றியும் கார் அப்படியே நடந்துகொண்டால், அந்தச் சிம்மின் டயரில் இந்தக் குணம் சரியாக இல்லை என்று சந்தேகப்படலாம்.

பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பினால் கார் நேராகவே போகிறது. சிம்மின் தவறா?

பெரும்பாலும் இல்லை. டயரிடம் இருப்பது ஒரே கையிருப்பு. அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பங்கீடு வட்டக் கணக்கு: 80 சதவீதம் பிரேக்குக்குப் போனாலும் திருப்பத்துக்கு 60 சதவீதம் மிச்சமிருக்கும், 50 சதவீதம் போனால் 87 மிச்சம். அதனால்தான் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பும் உத்தி வேலை செய்கிறது. முழு பிரேக்கில் நின்றுகொண்டு திருப்பினால் முன் டயரிடம் கொடுக்க எதுவும் இருக்காது.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் டயரின் எல்லையை உணர முடியுமா?

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது ஸ்டீயரிங் வீலில் உள்ள மோட்டார் கைக்குத் தரும் விசை. அதில் உணர முடியும், எல்லையைத் தாண்டும் முன்பே உணரலாம். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரப்பர் பின்னால் போகப் போக அதிகம் இழுபடுகிறது என்று மேலே பார்த்தோம். அதனால் பக்க விசையின் மையம் சக்கரத்தின் நடுவில் இல்லாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்த இடைவெளி ஒரு நெம்புகோல் போல வேலை செய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங் கையை எதிர்த்துத் தள்ளுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது.

கோணம் கூடி, தொடுபரப்பின் பின்பகுதி வழுக்க ஆரம்பித்ததும் விசையின் மையம் முன்னால் நகர்கிறது. நெம்புகோல் சுருங்குகிறது. பக்க விசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் லேசாகிறது. பக்க விசையின் உச்சம் 8, 10 டிகிரியில் என்றால், ஸ்டீயரிங்கை நேராக்கும் முறுக்குவிசை 4, 5 டிகிரி வாக்கிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். கையில் வரும் அந்த லேசான தளர்ச்சியை 'இன்னும் கொஞ்சம்தான் பாக்கி' என்று டயர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அமைப்புதான். விசையை அளவுக்கு மேல் ஏற்றி வைத்தால் மோட்டார் தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. நீண்ட வேக வளைவில் கை முழுக்க ஒரே கனமாக இருந்தால் முட்டுகிறது என்று அர்த்தம். விசையைக் குறையுங்கள். சின்ன மோட்டார் வீலாக இருந்தாலும், குறைத்து வைத்தால் விவரம் கூடும்.

நிஜத்தில் கார் சறுக்கினால் சமாளித்துவிடுவேன், சிம்மில் மட்டும் சுழன்றுவிடுகிறது. ஏன்?

நிஜக் காரில் பின்பக்கம் விலகும் அந்தக் கணத்தையே உள்காது பிடித்துவிடுகிறது. இடுப்பும் முதுகும் இருக்கையில் அழுந்துவது மாறுகிறது. கை தானாக எதிர்ப்பக்கம் திருப்பத் தொடங்கிவிடும். சிம்மில் அசையாத நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அடிவானம் நகர்வதைக் கண் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறோம். அதற்குள் கார் இன்னும் கொஞ்சம் சுழன்றிருக்கும்.

அதோடு கருவிகளின் தாமதம் வேறு. மணிக்கு 180 கிமீ என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஸ்டீயரிங், கணினி, திரை எல்லாம் சேர்ந்து 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்ப்பது இரண்டரை மீட்டர் பழைய காட்சி.

சரி, என்ன செய்வது? பின்பக்கம் விலகுவது முதலில் ஸ்டீயரிங்கில் தெரியும், வீல் தானாக எதிர்ப்பக்கம் ஓடப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடிக்காமல் ஓட விடுங்கள். திருப்புவதைவிட, பிடிப்பு திரும்பும்போது நேராக்குவதில்தான் பலர் தாமதிக்கிறார்கள். கார் மறுபக்கம் வீசி எறிவது அப்போதுதான்.

பார்வைக் கோணத்தை எவ்வளவு வைப்பது?

பார்வைக் கோணம் என்பது சிம் திரையில் காட்டும் காட்சியின் விரிவு. திரையின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து வையுங்கள். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 செமீ அகலம். கண்ணும் 60 செமீ தூரத்தில் இருந்தால் கிடைமட்டக் கோணம் 53 டிகிரி. சில சிம்கள் செங்குத்துக் கோணம் கேட்கும், அப்போது அதே திரைக்கு 31 டிகிரி. முதலில் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். வேகமும் தூரமும் சறுக்கலின் அளவும் கண்ணுக்குச் சரியாகப் படும்.

டயர் வெப்பமும் காற்றழுத்தமும் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஸ்லிக் டயர்கள் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் முழுப் பிடிப்பைத் தரும். அழுத்தம் வெப்பத்தோடு ஏறும்: 20 டிகிரியில் 21 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், உள்ளே காற்று 70 டிகிரிக்குப் போனால் 27 பி.எஸ்.ஐ. காட்டும். ஆகவே குளிர்ந்த அழுத்தத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து லேப் ஓட்டி, சூடான அழுத்தத்தைப் பார்த்துத் திருத்துங்கள். வெயில் மாறினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

மழையில் வழக்கமான பாதையே அதிகம் வழுக்குகிறதே?

நிஜத்திலும் அப்படித்தான். காய்ந்த நேரத்தில் அந்தப் பாதையில் படிந்த ரப்பரே ஈரத்தில் வழவழப்பாகிவிடும். வளைவின் வெளிப்பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

சிம்மில் கற்றது நிஜ டிராக்கில் உதவுமா?

உதவியதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். 2008இல் கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ கேம் வழியாக நடந்த ஜிடி அகாடமி போட்டியில் வென்ற லூகாஸ் ஓர்டோன்யஸ், 2011 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். ஐரேசிங்கில் ஓட்டிப் பழகிவிட்டு நிஜப் பந்தயத்துக்குப் போன வில்லியம் பைரன், 2024இலும் 2025இலும் அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தை வென்றார். டிராக்கின் வழி, பிரேக் விடும் விதம், பந்தயத்தில் இடம் பார்த்து நுழைவது எல்லாம் அப்படியே கைக்கு வரும். உடல் தாங்கும் விசையும் சுவரைப் பற்றிய பயமும் வராது. அவற்றைக் காரில் உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

என்னிடம் கன்ட்ரோலர் மட்டும்தான் இருக்கிறது. பயனுண்டா?

ஓட்டலாம், ரசிக்கலாம். ஆனால் பெரும்பாலான சிம்கள் கன்ட்ரோலர் குச்சியின் அசைவை மென்மையாக்கி, வேகத்துக்கு ஏற்றபடி ஸ்டீயரிங் கோணத்தைக் கட்டுப்படுத்தித்தான் காருக்கு அனுப்பும். அதனால் டயர் மாடலைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஒரு சிம்மை நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. எல்லா உதவி வசதிகளையும் அணைத்துவிட்டு, அகலமான வெற்றிடத்தில் ஒரே அளவு வட்டத்தில் காரைச் சுற்றுங்கள். வேகத்தை மிக மெதுவாக ஏற்றுங்கள். ஸ்டீயரிங் முதலில் கனத்து, பிறகு கார் வெளியே தள்ளத் தொடங்கும் முன்பே லேசாக வேண்டும்.

அதே வட்டத்தில் எல்லையில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். எடை முன்னால் வந்து, காரின் மூக்கு வட்டத்துக்குள் இழுபட வேண்டும். எதுவும் நடக்கவில்லை என்றாலும் சந்தேகம், ஒவ்வொரு முறையும் தலைசுற்றிச் சுழன்றாலும் சந்தேகம்.

அப்புறம் பின்சக்கரம் இயங்கும் காரில், இரண்டாம் கியரில் வேண்டுமென்றே பின்பக்கத்தை வீசிப் பிடித்து நிறுத்துங்கள். பழகிய கைக்கு அது பத்தில் ஏழெட்டு முறையாவது வசப்பட வேண்டும். வேகமான இறக்கைக் கார் இருந்தால் மெதுவான வளைவையும் வேகமான வளைவையும் ஒப்பிடுங்கள். வேகம் இரட்டிப்பானால் டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) நான்கு மடங்கு என்பதால், வேக வளைவில் கார் தரையோடு ஒட்டிக்கொள்வது தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒரே காரை இரண்டு சிம்களில் வைத்து இதைச் செய்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகப் புலப்படும். மாஸ்டா எம்எக்ஸ்-5 பல சிம்களில் இருக்கிறது; வேகம் குறைவு, எல்லையை மெதுவாகக் காட்டும். அதில் ஆரம்பியுங்கள்.